பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. பட்டன், படிவம், மெனு போன்ற காம்போனென்ட்களை (திரையின் பாகங்களை) டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ஒரு கட்டளை கொடுத்துச் சோதிப்பது எப்படி, அப்படி ஒரு கருவியை நாமே எழுதினால் அதை ஒழுங்காக வெளியிடுவது எப்படி. நான் தினமும் கைவைக்கிற வேலை இது. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். ஸ்டோரிபுக் என்ற பெயர் அடிக்கடி வரும்: காம்போனென்ட்களைத் தனித்தனியாகத் திறந்து பார்க்க உதவும் கருவி அது. ஒரு காம்போனென்டின் ஒரு நிலையைக் காட்டும் மாதிரிக்கு அதில் ஸ்டோரி என்று பெயர்.

கோவை வாசகர்: எங்கள் ஸ்டோரிபுக்கில் 150 காம்போனென்ட்களுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு ரிலீசுக்கு முன்பும் இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து பார்க்கிறோம். டெஸ்ட் ரன்னர் போட்டால் இந்த வேலை போய்விடுமா மேடம்?

பாதி போய்விடும். மீதிப் பாதிக்கு நீங்கள் கொஞ்சம் எழுத வேண்டும்.

ஸ்டோரிபுக்கின் டெஸ்ட் ரன்னருக்குள் ஜெஸ்டும் (சோதனைகளை ஓட்டும் கருவி) பிளேரைட்டும் (பிரவுசரை நிரல் வழியே இயக்கும் கருவி) இருக்கின்றன. 'டெஸ்ட்-ஸ்டோரிபுக்' என்று கட்டளை கொடுத்ததும், 6006-ஆம் போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டோரிபுக்கைத் தேடிப் போகும். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிரவுசரைத் திறந்து, ஸ்டோரிகளை ஒன்று விடாமல் ஏற்றிப் பார்க்கும். பிழை எழாமல் ஏறினால் பாஸ். ஸ்டோரிக்கு 'பிளே' ஃபங்ஷன் (கிளிக், தட்டச்சு போன்றவற்றைச் செய்து பார்க்கும் நிரல்) எழுதியிருந்தால் அதையும் ஓட்டும். எங்காவது தவறினால் அந்த ஸ்டோரியின் இணைப்பை டெர்மினலிலேயே காட்டும். அதைத் திறந்தால் நேராகப் பழுதான இடத்தில் போய் நிற்கலாம். முதல் நாளில் பெரும்பாலானோர் இரண்டு இடங்களில் சிக்குகிறார்கள்: ஸ்டோரிபுக்கை ஓடவிடாமலே கட்டளையைக் கொடுப்பது, பிளேரைட்டின் பிரவுசர்களைத் தனியாக இறக்க மறப்பது. இரண்டும் ஐந்து நிமிட வேலை.

'பிழை எழாமல் ஏறினால் பாஸ்' என்றேன் அல்லவா, அங்கேதான் கவனம் வேண்டும். எங்கள் குழுவில் ஒரு முகவரிப் படிவம் இருந்தது. மாவட்டப் பட்டியல் காலியாக வந்தால் ஒன்றும் வரையாமல் திரும்பிவிடும்படி எழுதியிருந்தோம். ஸ்டோரிக்குக் கொடுத்த மாதிரித் தரவில் ஒரு புலத்தின் பெயர் மாறியது. அதோடு பட்டியல் எப்போதும் காலி, திரை முழுக்க வெள்ளை. ஆனால் பிழை என்று ஒன்றும் எழவில்லை, எனவே பச்சை டிக். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. டிசைன் குழுவில் ஒருவர் தற்செயலாக அந்தப் பக்கத்தைத் திறந்து, "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று கேட்டபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எந்த ஸ்டோரியானாலும் குறைந்தது ஒரு எதிர்பார்ப்பாவது இருக்க வேண்டும். 'மாவட்டம்' என்ற பெயரில் ஒரு தேர்வுப் பெட்டி திரையில் இருக்கிறதா என்ற ஒரு வரி போதும், அந்த வெள்ளைத் திரை அன்றே சிக்கியிருக்கும். தேடும்போது சிஎஸ்எஸ் கிளாஸை வைத்துத் தேடாதீர்கள். அது என்ன வகை உறுப்பு, அதன் பெயர் என்ன என்று தேடுங்கள். ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர் அதைக் கண்டுபிடிப்பதும் அந்த இரண்டை வைத்துத்தான். உங்கள் சோதனையால் கண்டுபிடிக்க முடியாத பட்டனை அவராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு விஷயம். உங்கள் திட்டம் வீட் (Vite) என்ற பில்ட் கருவியில், அதாவது நிரலைப் பிரவுசருக்கேற்ற கோப்புகளாகக் கட்டித் தரும் கருவியில், ஓடுகிறது என்றால், ஸ்டோரிபுக் குழுவினர் இப்போது இந்த ரன்னருக்குப் பதிலாக விடெஸ்ட் என்ற சோதனைக் கருவியின் ஆட்-ஆனையே பரிந்துரைக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். வெப்பேக் என்ற இன்னொரு பில்ட் கருவியில் இருப்பவர்களுக்கு ரன்னர் போதும். எதில் போனாலும் பிளே ஃபங்ஷன்கள் அப்படியே கூட வரும். அதனால் எழுதியது வீணாகாது.

திருச்சி வாசகி: டெர்மினலில் '3 ஃபெயில்ட்' என்று தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் சிஐ (மாற்றம் வந்ததும் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) பச்சையாகிவிடுகிறது. முடிவை டீ (tee) கட்டளை வழியாக ஒரு லாக் கோப்பிலும் சேமிக்கிறோம். இது எப்படி நடக்கும்?

காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள்: அந்த டீ கட்டளைதான்.

சிஐ நம் லாகைப் படிப்பதில்லை. கட்டளை முடியும்போது விட்டுச் செல்லும் எக்ஸிட் கோடு ஒன்றைத்தான் பார்க்கும். 0 என்றால் வெற்றி, வேறெந்த எண் என்றாலும் தோல்வி. ஒரு கட்டளையின் வெளியீட்டை பைப் போட்டு இன்னொன்றுக்கு அனுப்பினால், ஷெல் (நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) கடைசிக் கட்டளையின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். உங்கள் சோதனைக் கருவி 1 என்று சொல்லிவிட்டுப் போகிறது. டீ லாகை நல்லபடியாக எழுதி முடித்து 0 என்கிறது. சிஐக்குக் கேட்பது அந்த 0 மட்டுமே.

பாஷ் என்ற ஷெல்லில் 'பைப்ஃபெயில்' அமைப்பை (வரிசையில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று எடுப்பது) இயக்கினால் சரியாகிவிடும். கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷெல் எது என்று எழுதாமல் விட்டால் லினக்ஸில் பாஷ்தான் ஓடும், ஆனால் பைப்ஃபெயில் இல்லாமல் ஓடும். 'ஷெல்: பாஷ்' என்று வெளிப்படையாக ஒரு வரி எழுதினால் பைப்ஃபெயிலோடு ஓடும். அந்த ஒரு வரியைச் சேருங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு சோதனையைத் தோற்கவைத்து, சிஐ சிவப்பாகிறதா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். நான் புதிய திட்டம் எதில் சேர்ந்தாலும் முதல் வாரத்தில் செய்வது இதைத்தான். சிவப்பாக மாறி நான் பார்த்திராத சிஐயின் பச்சையை நான் நம்புவதில்லை.

சென்னை வாசகர்: ஸ்கிரீன்ஷாட் ஒப்பீட்டுச் சோதனை என் மேக்கில் பாஸ், சிஐயில் ஃபெயில். பிக்சல் வித்தியாச வரம்பை ஏற்றிவிட்டால் தப்பா?

தயவுசெய்து ஏற்றாதீர்கள். ஒரு பட்டனின் ஓரம் இரண்டு பிக்சல் நகர்வதைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனையே. வரம்பை ஏற்றினால் அந்த நகர்வும் உள்ளே நுழைந்துவிடும்.

மேக் ஒரு விதமாக எழுத்தை வரைகிறது, லினக்ஸ் வேறு விதமாக வரைகிறது. பிளேரைட் இது தெரிந்துதான் ஒவ்வொரு படத்தின் பெயரிலும் பிரவுசரையும் இயங்குதளத்தையும் சேர்த்து வைக்கிறது. 'குரோமியம்-டார்வின்' என்று முடியும் படம் மேக்கில் எடுத்தது, 'குரோமியம்-லினக்ஸ்' என்று முடிவது லினக்ஸில் எடுத்தது. மூலப் படங்களை ஒரே இடத்தில் மட்டும் எடுங்கள். பிளேரைட்டுக்கென்றே டாக்கர் இமேஜ் (எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும், தேவையானதெல்லாம் அடங்கிய லினக்ஸ் சூழல்) வெளியிடுகிறார்கள். உங்கள் மேக்கிலும் அதற்குள் ஓட்டுங்கள், சிஐயிலும் அதே பதிப்பை ஓட்டுங்கள். எழுத்துருக்கள் முழுதாக ஏறி முடியும்வரை காத்திருந்து படம் எடுங்கள். திரையில் இன்றைய தேதி தெரிந்தால் அதை ஒரு குறிப்பிட்ட தேதியில் நிறுத்தி வையுங்கள்.

தமிழில் இடைமுகம் செய்கிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடக்கமான ஒரு லினக்ஸ் கண்டெய்னரை நாங்களே அமைத்து, அதில் மூலப் படங்களை எடுத்தோம். அதில் தமிழ் எழுத்துருவே இல்லை. 'சமர்ப்பிக்கவும்' என்று இருக்க வேண்டிய பட்டனில் வரிசையாகக் காலிக் கட்டங்கள். மூலப் படத்திலும் கட்டம், சோதனையில் எடுத்த படத்திலும் கட்டம். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின, சோதனை பாஸ் ஆனது. ஆனால் நிஜமான எழுத்துருவில் அந்தச் சொல் பட்டனுக்குள் அடங்காமல் வலப்பக்கம் வழிந்து, கடைசி 'ம்' வெட்டுப்பட்டுக் கிடந்தது. அதைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனையை எழுதினோம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் என்றால் லோஹித் தமிழ் எழுத்துருவுக்குத் தனிப் பொட்டலம் (பேக்கேஜ்) இருக்கிறது, ஒரு வரியில் நிறுவிவிடலாம். நிறுவிய பிறகு மூலப் படங்களை நீங்களே திறந்து, தமிழ் தெரிந்த கண்ணால் படித்துப் பாருங்கள்.

மதுரை வாசகி: எழுத்து எண்ணிக்கை காட்டும் பெட்டியில் 'நிலா' என்று அடித்தால் 4 என்று வருகிறது. இது பக்தானே அக்கா?

பக்தான். ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' யூனிகோட் அலகுகளை எண்ணுகிறது. ந, இகரக் குறி, ல, ஆகாரக் குறி என்று நான்கு. 'சமர்ப்பிக்கவும்' என்பது நமக்கு 9 எழுத்து, அதற்கு 15. பிரவுசர்களில் இப்போது உள்ள 'இன்டெல்.செக்மென்டர்' எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். அதைப் பயன்படுத்துங்கள். பிளே ஃபங்ஷனில் 'நிலா' என்று அடித்து 2 வருகிறதா என்று ஒரு சோதனையும் எழுதிவிடுங்கள். வேறு யாராவது பின்னால் வந்து மாற்றினாலும் அது காத்து நிற்கும்.

திருப்பூர் வாசகர்: எங்கள் தேவைக்கு ஒரு சின்னக் கட்டளைக் கருவி எழுதினேன். ஸ்டோரிகளைப் படித்து, எதில் எதிர்பார்ப்பே இல்லை என்று பட்டியலிடும். என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பொட்டலங்களின் பொதுக் களஞ்சியம்) வெளியிட ஆசை. முதல்முறை என்பதால் பயமாகவும் இருக்கிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் என் வாழ்த்துகள். மேலே கோவை வாசகருக்கு நான் சொன்ன குறையைக் கண்டுபிடிக்கிற கருவி இது. வெளியே வந்தால் நானே பயன்படுத்துவேன்.

பயம் நல்லதுதான். சில வருடங்களுக்கு முன் எங்கள் குழுவின் சோதனைக் கருவியில் 1.4.0 வெளியிட்டேன். என் மடிக்கணினியில் எல்லாச் சோதனையும் பாஸ். வெளியிட்ட அரை மணி நேரத்தில் மற்றக் குழுக்களிலிருந்து செய்தி வரத் தொடங்கியது: 'மாட்யூலைக் காணவில்லை'. நடந்தது இதுதான். டைப்ஸ்கிரிப்டிலிருந்து உருவாகும், ஓடவேண்டிய நிரல் உள்ள 'டிஸ்ட்' கோப்புறையை கிட்டில் (நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) சேர்க்க வேண்டாம் என்று கிட்இக்னோர் கோப்பில் எழுதியிருந்தேன். எதை எதை அனுப்ப வேண்டும் என்று பேக்கேஜ் ஜேசனில் (திட்டத்தின் விவரக் கோப்பு) சொல்லாமலும், தனியாக என்பிஎம்இக்னோர் கோப்பு இல்லாமலும் இருந்தால், என்பிஎம் கிட்இக்னோரைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஆக, வாசல் மட்டும் போய்ச் சேர்ந்தது, வீடு என் மடிக்கணினியிலேயே நின்றுவிட்டது. என் சோதனைகள் ஓடியது என் கோப்புறையின் மேல். மக்களுக்குப் போனதோ வேறு ஒரு பொட்டலம்.

எனவே வெளியிடும் முன், நீங்கள் அனுப்பப்போகும் பொட்டலத்தையே சோதியுங்கள். பேக்கேஜ் ஜேசனில் 'ஃபைல்ஸ்' பட்டியலில் டிஸ்டை எழுதுங்கள். அப்புறம் 'என்பிஎம் பேக்' கட்டளையை 'டிரை-ரன்' தெரிவோடு கொடுங்கள். உள்ளே போகும் கோப்புகளின் பெயரும் அளவும் வரும். வரி வரியாகப் படியுங்கள். வேண்டியது இருக்கிறதா, கூடவே கடவுச்சொல் வைத்திருக்கும் கோப்பு ஏதாவது தொற்றிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். அடுத்து டிரை-ரன் இல்லாமல் அதே கட்டளை. டிஜிஇசட் என்று முடியும் ஒரு சுருக்கிய கோப்பு கிடைக்கும்; அதுதான் பொட்டலம். உங்கள் திட்டத்துக்கு வெளியே ஒரு காலிக் கோப்புறை உண்டாக்கி, அந்தக் கோப்பை அங்கே நிறுவி, கட்டளையை ஓட்டுங்கள். முடிந்தால் விண்டோஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமும் அதே கோப்பைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் அந்த 1.4.0 என் வீட்டுவாசலைத் தாண்டியிருக்காது. இன்று எங்கள் சிஐயில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இது தானாக ஓடுகிறது.

காலிக் கோப்புறையில் ஓட்டும்போது 'இம்போர்ட்' என்ற கட்டளையே இல்லை என்று ஷெல் முறையிட்டால், கோப்பின் முதல் வரியில் நோடை (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நிரல்) அழைக்கும் ஷெபாங் வரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஷெல் உங்கள் ஜாவாஸ்கிரிப்டைத் தன் மொழி என்று நினைத்துப் படிக்கப் பார்க்கிறது.

வெளியிடும்போது 402 பிழை வந்து, பணம் கேட்பது போலத் தெரிந்தால் பதற வேண்டாம். அட் குறியோடு தொடங்கும் பெயர்களை என்பிஎம் தனிப்பட்டவை என்றே எடுத்துக்கொள்ளும். முதல்முறை வெளியிடும்போது 'அக்சஸ் பப்ளிக்' என்று சேர்த்தால் போதும்.

பதிப்பு எண்ணில் ஒன்றை மனதில் வையுங்கள். ஒருமுறை வெளியிட்ட எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, நீக்கினாலும் முடியாது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பொட்டலத்தை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டபோது, பாபெல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்பட எத்தனையோ திட்டங்களின் பில்ட் நின்றுபோனது. அதன் பிறகு நீக்குவதற்கான விதிகள் இறுகின. வெளியிட்டு 72 மணி நேரத்துக்குள், வேறு எந்தப் பொட்டலமும் அதைச் சார்ந்திருக்காவிட்டால் நீக்கலாம். அதற்குப் பின் நிபந்தனைகள் அதிகம். நான் நீக்கப் போகவில்லை. 1.4.1-ஐ வெளியிட்டு, 1.4.0-வுக்கு 'டெப்ரிகேட்' கட்டளை கொடுத்து, 'இதை நிறுவ வேண்டாம், 1.4.1 எடுங்கள்' என்று எழுதி வைத்தேன். நிறுவுகிறவர் கண்ணில் அந்த வரி படும்.

கடைசியாக, புதியதை எல்லாருக்கும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். டேக் (பதிப்புக்குச் சூட்டும் அடையாளப் பெயர்) எதுவும் சொல்லாமல் வெளியிட்டால் அது 'லேட்டஸ்ட்' ஆகிவிடும். பதிப்பைக் குறிப்பிடாமல் நிறுவுகிற எல்லாருக்கும் அந்த நொடியிலிருந்து அதுதான். 'நெக்ஸ்ட்' என்ற டேக்கில் வெளியிட்டு, தெரிந்த இரண்டு மூன்று குழுக்களிடம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் போகட்டும். சரியாக இருந்தால் 'டிஸ்ட்-டேக்' கட்டளையால் அதே பதிப்பை லேட்டஸ்ட் ஆக்குங்கள். திரும்ப பில்ட் செய்ய வேண்டியதில்லை, அவர்கள் ஓட்டிப் பார்த்த அதே பொட்டலம்தான் எல்லாருக்கும் போகும்.

சோதனைக் கருவிக்கு மட்டும் பொருந்தும் ஒரு விஷயமும் உண்டு. நேற்றுவரை பாஸ் ஆனதை இன்று ஃபெயில் என்று சொல்லும் மாற்றம் எதுவானாலும், அது சரியான திருத்தமே என்றாலும், நான் முதல் எண்ணை ஏற்றித்தான் வெளியிடுவேன். உங்கள் கருவி 2.0.0 ஆகும்போது யாரும் அதிர மாட்டார்கள். 1.0.1-இல் ஒரு குழுவின் சிஐ திடீரென்று சிவப்பானால் அவர்கள் உங்கள் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

சிங்கப்பூர் வாசகர்: சிஐயிலிருந்தே வெளியிட என்பிஎம் டோக்கனை (கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவி) ரகசியமாகச் சேமித்து வைத்திருக்கிறோம். போதுமா?

இன்றைய நிலையில் போதாது. 2025 செப்டம்பர் 8 அன்று சாக் (chalk), டீபக் (debug) உட்பட உலகமே பயன்படுத்தும் பொட்டலங்களில் தீய நிரல் புகுந்தது. அவற்றைப் பராமரித்தவருக்கு என்பிஎம்மிலிருந்து வந்ததுபோல ஒரு போலி மின்னஞ்சல், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் புதுப்பிக்கச் சொல்லி வந்தது. நல்ல அனுபவசாலி அவர். அவருக்கே அப்படி நடந்தது என்றால் நம் எல்லாருக்கும் நடக்கலாம். சோதனைக் கருவி ஓடுவது மற்றவர்களின் சிஐக்குள், அவர்களுடைய ரகசியங்களுக்குப் பக்கத்தில். அந்தப் பொறுப்பு நம்முடையது.

என்பிஎம்மில் 2025 முதல் 'டிரஸ்டட் பப்ளிஷிங்' இருக்கிறது. எந்த நிரல் களஞ்சியத்தின் எந்த ஒர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலை) வெளியிடலாம் என்று ஒருமுறை பதிந்துவிட்டால், கிட்ஹப்போ கிட்லேபோ அந்த நேரத்துக்கு மட்டுமான அனுமதியைப் பெற்று வெளியிடும். நீண்டகால டோக்கன் என்று எதையும் வைத்திருக்க வேண்டாம். அதற்கு மாறிவிட்டு, பழைய டோக்கனை அன்றே ரத்து செய்யுங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பு எதிலும் என்பிஎம் கடவுச்சொல்லை அடிக்காதீர்கள். முகவரியை நீங்களே அடித்துப் போங்கள்.

யாழ்ப்பாண மாணவி: ஸ்டோரிபுக் இலங்கையில் உருவானது என்று ஒருவர் சொன்னார். உண்மையா அக்கா? நானும் அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

உண்மைதான் தங்கச்சி. 2016-இல் கதிரா என்ற இலங்கை நிறுவனத்தில் அருணோத சுசிரிபால தொடங்கியது. அப்போது ரியாக்ட் என்ற இடைமுக நூலகத்துக்கு மட்டும், பெயரும் 'ரியாக்ட் ஸ்டோரிபுக்'. பிறகு கதிரா மூடப்பட்டபோது, பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களே சேர்ந்து திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். 2017-இல் 3.0 அவர்கள் கையால் வந்தது. இன்று வியூ, ஆங்குலர், ஸ்வெல்ட் என்று அதுபோன்ற பலவற்றுக்கும் ஓடுகிறது.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய. பலரும் பயன்படுத்தும் திறந்த காம்போனென்ட் தொகுப்பு ஒன்றை எடுத்து, அதன் பட்டன், தாவல், படிவங்களுக்குத் தமிழில் ஸ்டோரி எழுதுங்கள். 'சேமி' போன்ற சின்னச் சொல்லும் வேண்டும், 'உறுதிப்படுத்தவும்' போன்ற நீண்ட சொல்லும் வேண்டும். எங்கே வழிகிறது, எங்கே மேல் கொம்பும் கீழ் வளைவும் வெட்டுப்படுகின்றன என்று பாருங்கள். நிச்சயம் ஏதாவது அகப்படும். அகப்பட்டதும், அந்தக் குறை மட்டும் தெரியும்படி மிகச் சிறிய மாதிரித் திட்டம் ஒன்று செய்யுங்கள். பராமரிப்பவர் அதை இறக்கி, ஒரு கட்டளையில் ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும். ஸ்டோரிபுக்கின் 'இன்ஃபோ' கட்டளையைக் கொடுத்தால் இயங்குதளம், நோட், பிரவுசர் பதிப்புகளை அதுவே வரிசையாக எழுதிக் கொடுக்கும். அதையும் ஒட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர்தான் பெரும்பாலும் அதைப் பார்ப்பார். அதனால் சரியாக எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கும் ஒரு படம் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் அந்த மாதிரித் திட்டத்தை ஒரு காலிக் கோப்புறையில் புதிதாக இறக்கி ஓட்டுங்கள். பிறகு எனக்கும் அனுப்பி வையுங்கள், நானும் என் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.